கடன், அடகு, பிணை: ஒரு பொருளை வேதாகமம் முழுவதும் தொடர்ந்து குறிப்பெடுத்த முறை

வேதாகமத்தைப் பொருள்வாரியாகப் படிப்பதற்குக் கோடு போட்ட நீள நோட்டு ஒன்றும், பென்சிலும், ஓர் ஒத்துவாக்கிய நூலும் (ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் நூல்) இருந்தால் போதும். ஆனால் அந்த நோட்டில் வசன எண்களை மட்டும் வரிசையாக எழுதி வைத்தால், சில மாதங்கள் கழித்துத் திறக்கும்போது எந்த வசனத்தை எதற்காக எடுத்தோம் என்பதே நினைவுக்கு வராது. ஒவ்வொரு வசனத்தோடும் அதை யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த நிலைமையில் சொன்னார் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட்டால், அதே நோட்டு பல ஆண்டுகளுக்குப் பயன்படும். எங்கள் சபையின் வேதபாடக் குழுவுக்காகக் ‘கடன்’ என்ற பொருளை ஆதியாகமம் முதல் நிருபங்கள் வரை தொடர்ந்து குறிப்பெடுத்த முறையை, இதைத் தாங்களும் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கடனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குழுவில் வரும் குடும்பங்களில் நகையை அடகு வைத்தவர்களும், மகளிர் குழுவில் கடன் எடுத்தவர்களும், உறவினருக்காகப் பிணைக் கையெழுத்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள். அன்பு, விசுவாசம் போன்ற பொருள்களை எடுத்தால் வசனங்கள் வெள்ளமாக வரும். புதிதாக இம்முறையைப் பழகுகிறவருக்கு அது பெரும் பாரம். கடன் அளவான பொருள். நியாயப்பிரமாணத்திலும், வரலாற்று நூல்களிலும், நீதிமொழிகளிலும், தீர்க்கதரிசிகளிடத்திலும், உவமைகளிலும், நிருபங்களிலும் அது வருகிறது. ஆனாலும் ஒரே நோட்டில் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் நோட்டைத் தயார் செய்ய வேண்டும். எல்லாப் பக்கங்களுக்கும் மேல் மூலையில் எண் இட்டேன். முதல் நான்கு பக்கங்களைப் பொருளகராதிக்காக ஒதுக்கினேன். ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் 1686-இல் குறிப்பேடுகளுக்கான அகராதி முறை ஒன்றை வெளியிட்டார். தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதை அடுத்து வரும் முதல் உயிரெழுத்தையும் கொண்டு பக்கங்களை வகைப்படுத்துவதுதான் அந்த முறை. தமிழில் உயிர்மெய் எழுத்தே இவ்விரண்டையும் சேர்த்துத் தந்துவிடுவதால் நமக்கு இது இன்னும் எளிது. ‘கடன்’ க என்ற கட்டத்திலும், ‘கிருபை’ கி என்ற கட்டத்திலும், ‘கூலி’ கூ என்ற கட்டத்திலும் விழும். வழக்கமான வரிசையோடு ஜெபம், ஜீவன், ஸ்தோத்திரம் போன்ற சொற்களுக்காக ஜ, ஸ வரிசைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருளுக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்கி, அவை நிறைந்தால் நோட்டில் அடுத்து எங்கே வெற்றுப் பக்கம் கிடைக்கிறதோ அங்கே தொடர்ந்து எழுதி, அந்தப் பக்க எண்ணை அகராதியில் சேர்த்தால் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு இடம் தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டியதே இல்லை.

அடுத்தது புத்தகப் பெயர்களின் சுருக்கம். இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து நோட்டின் உள் அட்டையில் எழுதிவிடுவது நல்லது. யோசுவா, யோபு, யோவேல், யோனா, யோவான் என்று ‘யோ’வில் தொடங்கும் பெயர்களே ஐந்து இருக்கின்றன; யோவான் எழுதிய நிருபங்கள் வேறு மூன்று. எனவே யோசு, யோபு, யோவே, யோனா, யோவா என்று வைத்துக்கொண்டேன். எஸ்றா, எஸ்தர் இரண்டையும் சுருக்காமல் முழுமையாகவே எழுதுகிறேன். குழுவில் சிலர் 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தை வைத்திருக்கிறார்கள். அதில் யாத்திராகமம் ‘விடுதலைப் பயணம்’ என்றும், உபாகமம் ‘இணைச்சட்டம்’ என்றும் இருப்பதால், அந்தப் பெயர்களையும் அதே அட்டையில் எதிரெதிரே எழுதி வைத்தேன்.

இனி வசனங்களைச் சேகரிக்கும் வேலை. ‘கடன்’ என்ற ஒரே சொல்லைத் தேடினால் பாதிதான் கிடைக்கும். தேடுவதற்கு முன்பே ஒரு சிறிய சீட்டில் வட்டி, ஈடு, அடகு, அடைமானம், பிணை, இரவல், விடுதலை வருஷம் (கடன்களை விட்டுவிட வேண்டிய ஏழாம் ஆண்டு), யூபிலி (விடுதலைக்குரிய ஐம்பதாம் ஆண்டு) என்று துணைச் சொற்களை எழுதிக்கொண்டேன். அச்சில் உள்ள ஒத்துவாக்கிய நூலில் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்துவிடலாம். கைப்பேசிச் செயலியில் தேடுகிறவர்கள் தமிழ் எழுத்து கணினியில் சேமிக்கப்படும் விதத்தைக் கவனிக்க வேண்டும். எழுத்து வரிசையை அப்படியே பொருத்திப் பார்க்கும் செயலியில் ‘கடன்’ என்று புள்ளியோடு தேடினால் ‘கடனை’, ‘கடனாளி’, ‘கடனாக’ ஆகியவை அகப்படமாட்டா; புள்ளியை நீக்கி ‘கடன’ என்று தேடினால் எல்லாமே வரும். ஆனால் இதே உத்தியை எல்லாச் சொற்களிலும் கையாள முடியாது. ‘அடக’ என்று தேடினால் அடக்கம்பண்ணப்பட்டவர்களின் வசனங்கள் அனைத்தும் வந்து குவியும். ‘ஈட’ என்று தேடினால் ஈட்டிகள் வரும். அங்கே ‘அடகு’, ‘அடகை’, ‘அடகாக’, ‘ஈடாக’ என்று முழு வடிவங்களையே தனித்தனியாகத் தேட வேண்டும்.

இவ்வளவு தேடிய பிறகும், இந்தச் சொற்கள் எதுவும் இல்லாமலே பொருளைத் தாங்கி நிற்கும் பகுதிகள் மீதமிருக்கும். ஆதியாகமம் 47:13-26-இல் பஞ்சத்தால் எகிப்தியர் முதலில் பணத்தையும், பிறகு மிருகஜீவன்களையும், கடைசியில் நிலத்தையும் தங்களையுமே கொடுத்துத் தானியம் வாங்குகிறார்கள். இத்தகைய பகுதிகள் வாசிப்பினால் மட்டுமே கிடைப்பவை. அவற்றிற்காக நோட்டின் இறுதிப் பகுதியில் ‘அருகில் உள்ளவை’ என்ற தலைப்பில் அரைப் பக்கம் விட்டு வைத்தேன்.

பக்க அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த முறையின் பயன் முழுவதும் அதில்தான் இருக்கிறது. நோட்டை விரித்தால் தெரியும் இடப்பக்கத்தை நான்கு பத்திகளாகப் பிரித்தேன்: இடம், வகை, யார் யாருக்கு, என் சொந்த வார்த்தையில் ஒரு வரிச் சுருக்கம். வலப்பக்கத்தைப் பத்தி பிரிக்காமல் விட்டு, சேர்த்து வாசிக்க வேண்டிய இடங்களுக்கும், எதிர்த்திசையில் இழுக்கும் வசனங்களுக்கும், கேள்விகளுக்கும் ஒதுக்கினேன். வசனங்களை வேதாகமப் புத்தக வரிசையிலேயே எழுத வேண்டும். தொடக்கத்திலேயே ‘கடன் கொடுப்பவர்’, ‘கடன் வாங்குபவர்’ என்று தலைப்புகளைப் போட்டு அவற்றின்கீழ் நிரப்பத் தொடங்கினால், நம் தலைப்புக்குள் அடங்காத வசனத்தைக் கை தானாகவே தள்ளிவிடும். எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு பென்சிலால் ஓரத்தில் அ, ஆ, இ என்று குறியிட்டு வகைப்படுத்துவதே சரியான வரிசை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நோட்டிலிருந்து சில வரிகளை அப்படியே தருகிறேன்:

யாத் 22:25-27 | கட்டளை | கர்த்தர், மோசே வழியாக இஸ்ரவேலுக்கு | ஏழைக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி சுமத்தக் கூடாது. ஈடாக வாங்கிய வஸ்திரம் பொழுதுபோகுமுன் திரும்ப வேண்டும்.

உபா 24:6 | கட்டளை | மோசே, இஸ்ரவேலுக்கு | திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது. அது ஜீவனையே வாங்குவது போன்றது.

உபா 24:10-13 | கட்டளை | மோசே, இஸ்ரவேலுக்கு | அடகு வாங்க வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும்.

நெகே 5:1-13 | சம்பவம் | ஜனங்கள் நெகேமியாவிடம்; நெகேமியா பிரபுக்களிடம் | நிலமும் வீடும் அடகில்; பிள்ளைகள் அடிமைகள்; எல்லாம் திருப்பிக் கொடுக்கப்படுகிறது.

யோபு 22:6 | வாக்குவாதம் | எலிப்பாஸ் யோபிடம் | சகோதரரிடம் காரணமின்றி அடகு வாங்கினாய் என்ற குற்றச்சாட்டு.

யோபு 24:3, 9 | வாக்குவாதம் | யோபு நண்பர்களிடம் | விதவையின் மாட்டையும் ஏழையினிடத்தில் அடகையும் வாங்குகிறவர்களைப் பற்றிய முறையீடு.

ஆமோ 2:8 | தீர்க்கதரிசனம் | கர்த்தர், ஆமோஸ் வழியாக இஸ்ரவேலுக்கு | அடகு வஸ்திரத்தின்மேல் பீடங்களருகே படுத்துக்கொள்கிறார்கள்.

மத் 18:23-35 | உவமை | இயேசு பேதுருவுக்கு | 10,000 தாலந்து மன்னிக்கப்பட்டவன் 100 வெள்ளிப்பணத்துக்காகக் கழுத்தைப் பிடிக்கிறான்.

மூன்றாவது பத்தியைக் கவனியுங்கள். யோபு 22:6-ஐ எண்ணாக மட்டும் எழுதியிருந்தால், யோபு அநியாயமாக அடகு வாங்கியவர் என்று ஒருவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதைச் சொன்னவர் யோபோடு வாதாடிய நண்பர் எலிப்பாஸ். எலிப்பாசும் அவருடைய நண்பர்களும் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே யோபு 42:7-இல் கூறுகிறார். ஆனாலும் அந்த வசனத்தை நோட்டிலிருந்து நீக்க வேண்டியதில்லை. ஒருவர்மேல் பழி சுமத்த நினைத்தவர் இந்தச் செயலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதே, அக்காலத்தில் அது எவ்வளவு கொடியதாகக் கருதப்பட்டது என்பதற்குச் சான்று. அதே நூலின் 24-ஆம் அதிகாரத்தில் யோபு தாமே அடகு வாங்கும் கொடியவர்களைக் குறித்து முறையிடுகிறார். இரு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது இந்த வேறுபாடு உடனே கண்ணில் படுகிறது.

‘வகை’ என்ற பத்தியும் அப்படித்தான். மத்தேயு 18-இல் வரும் உவமை கடனைப் பற்றிய போதனையாகத் தொடங்கவில்லை. தன் சகோதரனை எத்தனைதரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்ட கேள்விக்கான பதிலாக அது சொல்லப்பட்டது. லூக்கா 7:41-43-இல் வரும் 500 வெள்ளிக்காசும் 50 வெள்ளிக்காசும் பரிசேயனாகிய சீமோனுக்குப் பாவமன்னிப்பை விளக்கச் சொல்லப்பட்டவை. இவற்றிலிருந்து கடன் வசூலிப்பதற்கான விதியை எடுக்க முடியாது. ஆனால் கடன்பட்டவனின் நிலை கேட்கிறவர்களுக்கு எவ்வளவு பழக்கமானதாக இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளலாம். ‘உவமை’ என்ற ஒரு சொல் ஓரத்தில் இருந்தால், குழுவில் விவாதம் திசைமாறும்போது அதைச் சுட்டிக்காட்ட எளிதாக இருக்கிறது.

வசனத்தைத் தனியாக எழுதாமல் பகுதியாக எழுதுவதும் முக்கியம். இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சாளர் 1551-இல் வெளியிட்ட பதிப்பில் வந்தவை. இடம் காட்டுவதற்கு அவை மிகவும் உதவுகின்றன. ஆனால் கருத்து அந்த எண்ணோடு முடிந்துவிடுவதில்லை. ரோமர் 13:8-ஐ மட்டும் எழுதினால் ‘கடனே வாங்காதே’ என்ற கட்டளையாகத் தோன்றும். 13:7-ஐச் சேர்த்து எழுதினால், வரியையும் தீர்வையையும் கனத்தையும் அவரவருக்குச் செலுத்துங்கள் என்று தொடங்கிய பேச்சின் தொடர்ச்சிதான் அது என்பது தெரிகிறது.

வலப்பக்கத்தில் ‘எதிர்’ என்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறேன். பொருள்வாரியாகப் படிப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. பிணையைப் பற்றி நீதிமொழிகள் 6:1-5, 11:15, 17:18, 22:26-27 ஆகிய இடங்கள் கடுமையாக எச்சரிக்கின்றன. செலுத்த வழியில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்று கடைசிப் பகுதி சொல்கிறது. அதற்கு எதிரே ஆதியாகமம் 43:9-ஐ எழுதினேன். அங்கே யூதா தன் தம்பி பென்யமீனுக்காகத் தன்னையே உத்தரவாதமாக வைக்கிறான். பிலேமோன் 18-19-இல், பிலேமோனின் அடிமையான ஒநேசிமு கடன்பட்டது உண்டானால் அதைத் தம் கணக்கிலே வைத்துக்கொள்ளும்படி பவுல் தம் கையாலேயே எழுதுகிறார். எபிரெயர் 7:22-இல் இயேசுவே பிணையாளி என்று சொல்லப்படுகிறார். இந்த இரண்டு வரிசைகளையும் ஒன்றோடொன்று சமன்செய்து ஒரே வாக்கியமாக்க நான் முயலவில்லை. அந்நியனுக்காக யோசிக்காமல் கையடித்துக் கொடுத்துப் பிணைப்படுவதும், இழப்பு இன்னதென்று அறிந்தே ஒரு மனிதனுக்காக முன்வருவதும் வேறுவேறானவை என்று ஒரு வரி மட்டும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி இட்டு வைத்தேன். அது வசனம் சொல்வது அல்ல, என் எண்ணம் என்பது தெரிய வேண்டும் என்பதற்காக, என் எண்ணங்கள் எல்லாவற்றின் முன்பும் ‘எ’ என்ற எழுத்தையும், விடை தெரியாதவற்றின் முன்பு ‘கே’ என்ற எழுத்தையும் இடுகிறேன்.

வேதாகமத்தின் ஓரத்திலும் ஒரு சிறு வேலை உண்டு. நோட்டு கையில் இல்லாத நேரத்திலும் பொருளைத் தொடர வேண்டுமானால், ஒவ்வொரு இடத்தின் ஓரத்திலும் அடுத்த இடத்தை எழுதிச் சங்கிலியாக இணைக்கலாம். யாத்திராகமம் 22:26-இன் ஓரத்தில் ‘உபா 24:12’, அங்கே ‘யோபு 22:6’, அங்கே ‘ஆமோ 2:8’, ஆமோஸில் மீண்டும் ‘யாத் 22:26’. எங்கே திறந்தாலும் முழு வட்டத்தையும் சுற்றி வந்துவிடலாம். வேதாகமத் தாள் மிக மெல்லியது. ஜெல் பேனாவின் மை மறுபக்கம் தெரியும், பந்துமுனைப் பேனா அழுத்தினால் பின்பக்கத்தில் தடம் விழும். கூர்மையாகச் சீவிய பென்சிலை மெதுவாகப் பிடித்து எழுதுவதே நல்லது. வண்ணம் தீட்ட விரும்புகிறவர்கள் மெழுகு கலந்த வண்ணப் பென்சிலைக் கடைசியில் உள்ள வெற்றுத்தாளில் முதலில் தீட்டிப் பார்க்கட்டும்.

இப்படி ஓரத்தில் குறியிடுவது மிகப் பழைய வழக்கம். 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிங்கன் நகரப் பேராயராக இருந்த ராபர்ட் குரோஸ்டெஸ்ட், நானூறுக்கும் மேற்பட்ட பொருள்களுக்குத் தனித்தனிக் குறிகளை வகுத்து, தாம் வாசித்த நூல்களின் ஓரங்களில் அவற்றை இட்டு வந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், அச்சிடப்பட்ட சிறு வேதாகமம் ஒன்றின் தாள்களுக்கு இடையே பெரிய வெற்றுத்தாள்கள் சேர்த்துக் கட்டப்பட்ட பிரதியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார். நம் வேதாகமத்தைப் பிரித்துக் கட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் ஒரே நூலின் தனிப் பிரதிகள், எடுத்துக்காட்டாக நீதிமொழிகள் அல்லது ஒரு சுவிசேஷம், குறைந்த விலையில் கிடைக்குமானால் அவற்றிற்கு இடையே தாள் சேர்த்துத் தைத்துக்கொள்வது பயனுள்ளதே.

சீட்டுகளில் எழுதும் முறையையும் இதே பொருளில் ஒரு பகுதிக்குக் கையாண்டேன். தடித்த சார்ட் அட்டையை அஞ்சலட்டை அளவில் வெட்டி, ஒரு சீட்டுக்கு ஒரு பகுதி என்று எழுதினால் மேசையில் பரப்பி இடம் மாற்றி அடுக்கலாம். பாடம் தயாரிக்கிறவருக்கு இது வசதி. நெடுநாள் வைத்திருக்க நோட்டே மேல். கைப்பேசிக் குறிப்புச் செயலியைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன்; வசனத்தை நகலெடுத்து ஒட்டும்போது அதை ஒரு வரியில் சுருக்கிச் சொல்லும் உழைப்பு விட்டுப்போகிறது, புரிதல் பிறப்பதோ அந்த உழைப்பில்தான்.

குழுவில் இந்தப் பக்கங்களை வைத்துப் படித்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியைக் கொடுத்து, குறிக்கப்பட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் சில வசனங்களைச் சேர்த்து வாசிக்கச் சொன்னோம். உபாகமம் 24:10-13 ஓர் அக்காவின் பங்காக வந்தது. அவர் இரண்டுமுறை வாசித்துவிட்டு, “வெளியே நிக்கணும்னா, வீட்டுக்குள்ள இருந்து எதை எடுத்துக் கொடுக்கிறதுன்னு கடன் வாங்கினவங்கதானே முடிவு பண்ணுவாங்க, தம்பி?” என்று கேட்டார். நான் வசனத்தைப் பலமுறை எழுதியும் அந்தக் கோணத்தில் எழுதியிருக்கவில்லை. கடன் கொடுத்தவர் உள்ளே நுழைந்தால் அவருடைய கண்தான் பொருளைத் தேர்ந்தெடுக்கும். வாசலில் நின்றால் கொடுக்கக்கூடியது எது, கொடுக்க முடியாதது எது என்பதை அந்த வீட்டாரே தீர்மானிக்கிறார்கள். அதற்குச் சில வசனங்கள் முன்னே திரிகைக் கல்லைப் பற்றிய கட்டளை நிற்பதும், சில வசனங்கள் பின்னே விதவையின் வஸ்திரத்தை அடகாக வாங்கக் கூடாது என்ற 24:17 நிற்பதும் அப்போது ஒரே கருத்தின் தொடர்ச்சியாகத் தெரிந்தன. மாவரைக்கும் கல், இரவில் போர்த்துக்கொள்ளும் துணி, வீட்டு வாசல் ஆகிய மூன்றையும் வலப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அவர் கேட்ட கேள்வியையும் தேதியிட்டுச் சேர்த்தேன்.

நெகேமியா 5-ஐ நாங்கள் நெடுநேரம் படித்தோம். அந்த அதிகாரத்தில் முறையீடு மூன்று விதமாக வருகிறது: பிள்ளைகள் அதிகம், பிழைக்கத் தானியம் வேண்டும் என்பவர்கள், பஞ்சத்தில் நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்தவர்கள், ராஜாவுக்குத் தீர்வை செலுத்தவே கடன் வாங்கினவர்கள். சுருக்கப் பத்தியில் இம்மூன்றையும் ஒரே வரியில் அடைக்காமல் 5:2, 5:3, 5:4 என்று பிரித்து எழுதியதால்தான், உணவுக்காக வாங்கிய கடனும் வரிக்காக வாங்கிய கடனும் வேறுவேறு என்று விவாதிக்க முடிந்தது. நெகேமியா தாமும் தம் சகோதரரும் பணமும் தானியமும் கொடுத்திருப்பதை 5:10-இல் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் பிரபுக்களிடம் நிலங்களையும் நூற்றுக்கொன்றான வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். இந்தப் பகுதியின் எதிரே 2 இராஜாக்கள் 4:1-7-ஐ எழுதியிருந்தேன். அங்கும் கடன் கொடுத்தவன் விதவையின் இரண்டு குமாரரை அடிமைகளாக்கிக்கொள்ள வருகிறான், எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து மீந்ததைக் கொண்டு பிழைக்கும்படி எலிசா சொல்கிறார். ஓரிடத்தில் கடன் கொடுத்தவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள், மற்றோரிடத்தில் கடன் முழுவதும் செலுத்தப்படுகிறது. சங்கீதம் 37:21 குற்றப்படுத்துவது கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறவனை என்பதால், அதை இந்த இரண்டுக்கும் நடுவே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

வகைப்படுத்தும் குறிகளைக் கடைசியில் இட்டபோது, ஏழைக்குக் கொடுக்கும் கடன், பிணை, அடகின் வரம்பு, விடுதலை வருஷம், கடனை உருவகமாகக் கொண்ட மன்னிப்பு என்று ஐந்து பிரிவுகள் வந்தன. இவற்றில் விடுதலை வருஷம் தனிப் பொருளாக விரியக்கூடியது. உபாகமம் 15:1-11, லேவியராகமம் 25, எரேமியா 34:8-16, ஏசாயா 61:1-2, லூக்கா 4:18-19 ஆகியவை இதுவரை கடன் பக்கத்தில் இருந்தன. அவற்றைப் புதிய பக்கங்களுக்கு மாற்றி, அகராதியில் ‘வி’ கட்டத்தில் எண்ணைச் சேர்த்துவிட்டேன். அடுத்து அதே நான்கு பத்திகளோடு உபாகமம் 15-இலிருந்து தொடங்க இருக்கிறோம். விடுதலை வருஷம் கிட்டியிருக்கிறதென்று சொல்லி எளிய சகோதரனுக்குக் கொடுக்காமல் கையை மூடிக்கொள்ளாதபடி எச்சரிக்கும் 15:9-க்கு மட்டும் அரைப் பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.